ஹால் டிக்கெட்டில் இருந்த முகம்

ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு, நல்ல தோல் இருக்கும் இடத்தில் ஒருமுறை சொடுக்கவும். பிறகு விசையை விட்டுவிட்டு, வடு இருக்கும் இடத்தில் மெதுவாகத் தேய்க்கவும். புத்தகத்தில் இவ்வளவுதான் போட்டிருந்தது. நானும் இவ்வளவுதான் செய்தேன். அதனால் என் மகள் எழுத வேண்டிய அரசுத் தேர்வு அவள் கையை விட்டுப் போகப் பார்த்தது.

அவளுக்கு இருபத்து மூன்று வயது. கல்லூரி முடித்ததிலிருந்து அந்தத் தேர்வுக்குத்தான் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு காலை நேரம், அவளைப் பயிற்சி வகுப்பில் விடுவதற்காகத் தூத்துக்குடித் துறைமுகச் சாலை வழியாக ஸ்கூட்டரில் போனேன். முன்னால் உப்பு லாரி போனது. தார்ப்பாயின் கயிறு அவிழ்ந்து தொங்கிக்கொண்டே வந்தது. நான் பிரேக் பிடித்தேன். சாலையில் சிந்தியிருந்த உப்பு பனியில் நசநசத்துக் கிடந்தது. வண்டி சறுக்கியது. எனக்கு இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. அவளுக்கு இடது கண்ணுக்குக் கீழேயிருந்து தாடை மூலை வரைக்கும் கிழிந்துவிட்டது. ஹெல்மெட் எனக்கு மட்டும்தான் இருந்தது.

ஆறு வாரம் விடுப்பு எடுத்தேன். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் மக்ரூன் இனிப்புப் பெட்டியோடு வந்தார்கள். அடுக்கி வைக்க இடமில்லை. கண் தப்பியதே பெரிது என்று எல்லாரும் சொன்னார்கள். நான் ஆமாம் என்று சொன்னேன். மகள் உள் அறையில் கட்டுப் போட்ட முகத்தோடு பொது அறிவுக் கேள்விகளைப் படித்துக்கொண்டிருந்தாள். யார் வந்தாலும் வெளியே வரவில்லை. வந்தவர்கள் போன பிறகு தண்ணீர் குடிக்க வருவாள். மறுபடியும் போய்ப் படிப்பாள். அந்த நாட்களில் அவள் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எம்மா, நோட்டிபிகேஷன் வந்தா நா பாக்காட்டாலும் நீ பாத்துச் சொல்லிரு. இத மட்டும் விட்டுரக் கூடாது."

புத்தகம் என் கணவரின் பலசரக்குக் கடைக்குப் பழைய பேப்பர் கட்டோடு வந்தது. படங்களைக் கணினியில் திருத்துவது எப்படி என்று படிப்படியாகச் சொல்லித் தரும் தமிழ்ப் புத்தகம். முதல் பதினாறு பக்கங்கள் ஏற்கெனவே உளுந்தும் மல்லியும் கட்டிக்கொண்டு போய்விட்டன.

"ஏளா, கம்ப்யூட்டர் புஸ்தகம். பொட்டலத்துக்குக் கிழிச்சிட்டிருந்தேன், படமா இருந்துச்சி. நீதான் கம்ப்யூட்டர்ல வேல பாக்குத. சும்மா செவத்தப் பாத்துட்டு இருக்காம இதப் பாரு," என்று மடியில் போட்டுவிட்டுப் போனார்.

படம் திருத்தும் மென்பொருள் மகளின் மடிக்கணினியில் இருந்தது. கல்லூரியில் யாரோ ஏற்றிக் கொடுத்தது. நான் பதினேழாம் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். மழை பெய்வது போல் செய்வது எப்படி. எழுத்துகள் தீப்பற்றி எரிவது போல் செய்வது எப்படி. எல்லாப் பாடத்திலும் ஒரே பெண்ணின் படம்தான். ஒரு பக்கத்தில் அவள் மேல் மழை பெய்யும், இன்னொரு பக்கத்தில் அரண்மனைக்கு முன்னால் நிற்பாள். முகம் மாறவே மாறாது. அச்சு கறுப்பு வெள்ளை. செய்வதற்கு முன், செய்த பின் என்று இரண்டு படங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். 'இப்போது வானம் பொன்னிறமாக மாறியிருப்பதைக் காணலாம்' என்று கீழே போட்டிருக்கும். எனக்குச் சாம்பல் நிறம்தான் தெரிந்தது.

ஆனாலும் அது எனக்குப் பிடித்திருந்தது. யோசிக்க வேண்டியதில்லை. இதை அழுத்து, அதைத் தேர்ந்தெடு, இத்தனை என்று எண்ணைப் போடு, சரி என்பதைச் சொடுக்கு. மாவுக்கட்டிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களால் ஆல்ட் விசையை அழுத்த முடிந்தது. வலது கையில் மவுஸ். புத்தகம் பழைய பதிப்புக்கு எழுதியது, அதனால் பாதிப் பட்டியல்கள் வேறு எங்கோ இருந்தன. தேடிக்கொண்டே இருந்தால் மத்தியானம் ஆகிவிடும். மத்தியானம் ஆனால் சாயங்காலம் வந்துவிடும்.

கப்பல் படம் ஒன்றில் மழை பெய்ய வைத்தேன். கணவர் சாப்பிட வந்தபோது காட்டினேன்.

"நல்லாருக்கு. ஆனா இம்புட்டு மழ பெய்யி, டெக்ல நிக்கவன் நனையாம சிரிச்சிக்கிட்டு நிக்கானே, அவன் என்ன லூசா?"

எட்டிப் பார்த்த மகள், "எப்பா, அது எபெக்ட்," என்றாள்.

"எபெக்ட்னா கொட பிடிக்கக் கூடாதா?"

அவள் சிரிக்கவில்லை. தையல் பிரித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சிரித்தால் இழுக்கும்.

வடுக்களை நீக்கும் பாடம் அறுபதாம் பக்கத்துக்கு மேல் வந்தது. அதை முதலில் ஒரு எலுமிச்சம்பழத்தின் படத்தில் செய்து பார்த்தேன். அதன் மேலிருந்த கறுப்புப் புள்ளிகள் போயின. பிறகு எங்கள் வீட்டுச் சுவரில் செய்தேன். விரிசல் போனது. பக்கத்தில் இருக்கும் நல்ல பகுதியை எடுத்துக் கெட்ட இடத்தில் வைத்து, ஓரத்தைக் கலந்துவிடுகிறது. கணினிக்குத் தோலும் சுண்ணாம்பும் ஒன்றுதான்.

விடுப்பு முடிந்து வேலைக்குப் போக ஆரம்பித்தேன். ஸ்கூட்டரைத் தொடவில்லை, பேருந்தில் போனேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். கண்டெய்னர்களுக்கான தாள்களை ஒன்றோடொன்று ஒத்துப் பார்ப்பது என் வேலை. சீல் எண், எடை, பொதிகளின் எண்ணிக்கை. ஒரு தாளில் இருப்பதே மற்ற தாளிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் பெட்டி துறைமுக வாசலிலேயே நிற்கும். கப்பல் அதற்காகக் காத்திருக்காது. பத்தொன்பது வருடமாக இதைத்தான் செய்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுப்பேன், தாளை அழகாக்காதே, உள்ளதை உள்ளபடி போடு என்று.

தேர்வு அறிவிப்பு வந்தது. மகள் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, தனியாக ஸ்டுடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். விபத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குத் தவிர அவள் வெளியே போனது அதுதான் முதல் தடவை. படத்தின் கீழே விதிப்படி அவள் பெயரும் படம் எடுத்த தேதியும் அச்சாகியிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை விண்ணப்பத்தை முழுக்கத் தட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"எம்மா, போட்டோ சைஸ் பெருசுன்னு வாங்க மாட்டேங்கு. ஐம்பது கேபிக்குள்ள கொண்டாந்து ஏத்திரு. மத்ததெல்லாம் நான் பாத்துட்டேன். எனக்கு ஆன்லைன் கிளாஸ் இருக்கு, நீயே சப்மிட் குடுத்துரு."

படத்தைத் திறந்தேன். திரை முழுவதும் அவள் முகம். மூன்று மாதமாக நான் அந்தக் கன்னத்தை நேராகப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தட்டு வைக்கும்போது தட்டைப் பார்ப்பேன். பேசும்போது நெற்றியைப் பார்ப்பேன். படத்தில் அது முழுதாக இருந்தது, கண்ணுக்குக் கீழேயிருந்து தாடை வரை, தையல் போட்ட இடங்களெல்லாம் தெரிய.

அளவைக் குறைக்க இரண்டு நிமிடம் போதும். நான் இருபது நிமிடம் எடுத்துக்கொண்டேன். அழவில்லை. வலது கன்னத்திலிருந்து நல்ல தோலை எடுத்து இடது கன்னத்தில் தேய்த்தேன். ஓரத்தை மென்மையாக்கினேன். படத்தைச் சேமித்தேன், ஏற்றினேன், சமர்ப்பி என்பதைச் சொடுக்கினேன். பக்கத்து அறையில் மகளின் கைப்பேசியில் பயிற்சி ஆசிரியர் ஏதோ ஒரு சட்டப் பிரிவை விளக்கிக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய் மீன் குழம்புக்குப் புளி கரைத்தேன்.

தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஹால் டிக்கெட் வந்தது. அவள் அதைக் கடையில் அச்சிட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். துப்பட்டா தோளில்தான் கிடந்தது. அதற்குள் அவள் முகத்தை மூடுவதை விட்டிருந்தாள். அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

"எம்மா, இங்கன வா."

போனேன். மேசை மேல் தாளை வைத்தாள்.

"இது யாரு?"

"நீதான்."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

நான் மேசை மேலிருந்த தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தேன்.

"ஸ்டுடியோ அண்ணாச்சி எடுத்துத் தாரேன்னாரு. 'பாப்பா, ரெண்டே நிமிஷம், தழும்பு இருந்த எடம் தெரியாது'ன்னாரு. நான் வேண்டாம் அண்ணாச்சி, அப்படியே இருக்கட்டும்னுட்டு வந்தேன். நீ எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"லேசாத்தான்..."

"லேசாவா? மச்சத்தையும்லா காணோம். அது என்ன செஞ்சிச்சி உன்ன?"

அப்போதுதான் பார்த்தேன். அவளுடைய இடது கன்னத்தில் பிறந்ததிலிருந்தே ஒரு மச்சம் உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அங்க அடையாளம் என்ற இடத்தில் அதைத்தான் எழுதியிருந்தார்கள். தழும்பை ஒட்டி இருந்ததால் தேய்த்த தேய்ப்பில் அதுவும் போய்விட்டது. ஹால் டிக்கெட்டில் இருந்த பெண்ணுக்குக் கன்னத்தில் எதுவுமே இல்லை.

கடையிலிருந்து வந்த கணவர் தாளை எடுத்துத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான இருக்கு? எதுக்கு ரெண்டு பேரும் இழவு வீடு மாதிரி இருக்கிய?"

"நல்லாத்தான் இருக்கு எப்பா. ஆனா நான் இல்ல. எக்ஸாம் ஹால்ல உள்ள விட மாட்டாங்க."

விண்ணப்பத்தைத் திருத்தும் நாள் முடிந்து போயிருந்தது. படம் பழையது, அடிபடுவதற்கு முன்னால் எடுத்தது என்று சொல்லவும் வழியில்லை. தேதி படத்திலேயே இருந்தது. மகள் தாளில் இருந்த தொலைபேசி எண்ணுக்குக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள், நான் கேட்க வேண்டும் என்பதற்காக. இப்போதைய படம் ஒன்றை ஒட்டி, காரணத்தை எழுதி, பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரியிடம் சான்று வாங்கி வர வேண்டும். அப்போதும் அனுமதிப்பதும் அனுமதிக்காததும் தேர்வு மையத் தலைமைக் கண்காணிப்பாளரின் முடிவு என்றது அந்தக் குரல். தாள் ஒத்துப்போகாமல் வாசலில் நிற்கும் பெட்டிக்கும் இதைத்தான் சொல்வார்கள். நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் காலை இருவரும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவளுக்குத் தையல் போட்ட டாக்டரும் பச்சை மைக்காரர்தான். வெளி நோயாளிகள் வரிசையில் ஒரு மணி நேரம் நின்றோம். அவள் எனக்கு முன்னால், முதுகைக் காட்டியபடியே நின்றாள். டாக்டர் அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு ஹால் டிக்கெட்டைப் பார்த்தார்.

"ஏம்மா, ரெண்டு மணி நேரம் நின்னுக்கிட்டே தைச்சேன். எங்க காணோம்?"

"அழிச்சிட்டாங்க சார்," என்றாள் மகள்.

"யாரு?"

"நாந்தான் சார்," என்றேன்.

"எவ்வளவு நேரமாச்சி?"

"இருபது நிமிஷம்."

"பரவால்லியே. நாளைக்கு எமர்ஜென்சி டூட்டிக்கு வாங்க. நான் வீட்டுக்குப் போறேன்."

நர்ஸ் சிரித்தார். மகளும் சிரித்தாள். கன்னம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் பேனாவை எடுத்துவிட்டு மறுபடியும் தாளைப் பார்த்தார். "மச்சத்தையுமா எடுத்துட்டிய?" என்றார். இப்போது குரலில் விளையாட்டு இல்லை. "அன்னிக்கு உங்க மகளுக்கு முழு மயக்கம் குடுக்கல. மரத்துப்போக ஊசிதான். வாயத் தொறக்காதம்மான்னு சொல்லுதேன், கேக்கல. 'சார், மச்சம் சர்ட்டிபிகேட்ல இருக்கு, பாத்துத் தைங்க'ங்கா. மூஞ்சி முழுக்க ரத்தம். அதுக்காவ ஒதுக்கி ஒதுக்கித் தைச்சேன்."

அந்த நேரத்தில் நான் பக்கத்து அறையில் இருந்தேன். என் மணிக்கட்டுக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் என்ன பேசினாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"அடையாளத்துக்கு நான் சான்று போட்டுருவேன். படத்த ஏன் மாத்துனீங்கன்னு நீங்கதான் எழுதணும்," என்றார் என்னிடம். "கத எழுதாதிய. என்ன செஞ்சியளோ அத வரிசையா எழுதுங்க."

வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். எந்த மென்பொருள், எந்தக் கருவி, எந்தக் கன்னத்திலிருந்து எடுத்து எந்தக் கன்னத்தில் வைத்தேன் என்று எண் போட்டு எழுதினேன். விண்ணப்பதாரருக்குத் தெரியாமல் என்று எழுதினேன். மகள் வாங்கிப் படித்தாள். 'சிறு திருத்தம் செய்தேன்' என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

"சிறுங்கத எடு."

அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

தேர்வு மையம் திருச்செந்தூரில் ஒரு பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் பேருந்தில் கோயிலுக்குப் போகிற கூட்டம். பக்கத்து இருக்கையில் இருந்த பெண் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆத்தூர் தாண்டியதும் கேட்டேவிட்டாள்.

"என்னளா ஆச்சி மூஞ்சில?"

"வண்டில இருந்து விழுந்துட்டேன்."

"அட பாவமே. யாரு ஓட்டுனா?"

நான் ஜன்னலுக்கு வெளியே முள் உடைமரங்களைப் பார்த்தேன்.

"முன்னால லாரி போச்சுக்கா. ரோட்டுல உப்பு," என்று சொல்லிவிட்டு மகள் குறிப்பேட்டைத் திறந்துகொண்டாள்.

ஒன்பது மணிக்குப் பள்ளியின் இரும்புக் கதவை மூடிவிடுவார்கள். நாங்கள் எட்டரைக்கே போய்விட்டோம். கதவுக்கு உள்ளே மேசை போட்டு ஓர் ஆசிரியை தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பெற்றோர் உள்ளே போகக் கூடாது. நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஆசிரியை ஹால் டிக்கெட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடியும் ஹால் டிக்கெட்டைப் பார்த்தார்.

"இது யாரோடது?"

மகள் மற்ற தாள்களைக் கொடுத்தாள். ஆசிரியை அவளை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே ஆள் அனுப்பினார். மற்றவர்கள் ஒவ்வொருவராக அவளைத் தாண்டி உள்ளே போனார்கள். எட்டே முக்கால் ஆனது. எட்டு ஐம்பது ஆனது. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

தலைமைக் கண்காணிப்பாளர் வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் கடிதத்தை நின்றபடியே முழுவதும் படித்தார். பிறகு, "அம்மா வந்திருக்காங்களா?" என்றார். மகள் கையை நீட்டிக் காட்டினாள். அவர் கம்பிக்குப் பக்கத்தில் வந்தார்.

"நீங்க எழுதுனதா?"

"ஆமா சார்."

"படிச்சவங்க மாதிரி இருக்கு. எதுக்கு இப்படிச் செஞ்சிய?"

"வண்டிய நாந்தான் சார் ஓட்டுனேன்."

அதை அதுவரைக்கும் நான் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. காவல் நிலையத்தில்கூட என் கணவர்தான் சொன்னார். கண்காணிப்பாளர் மேசைக்குத் திரும்பிப் போய்ச் சான்றிதழை எடுத்து, அங்க அடையாளம் என்ற இடத்தை வாசித்தார். குனிந்து மகளின் கன்னத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"மச்சம் இருக்கு," என்றார் ஆசிரியையிடம். "ரெஜிஸ்டர்ல குறிச்சிட்டு விடுங்க. கறுப்பு மைப் பேனா இருக்காம்மா? ஓடு, ஓடு."

அவள் ஓடினாள். கதவை மூடினார்கள்.

எதிரே ஒரு பழச்சாறு கடையின் பெஞ்சில் மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் இரண்டு தடவை என்ன வேண்டும் என்று கேட்டார். இரண்டாவது தடவை கேட்டபோது எதையோ கேட்டு வாங்கினேன். குடித்தேன். இனிப்பாக இருந்ததா என்று நினைவில்லை.

பன்னிரண்டரைக்குக் கூட்டத்தோடு வெளியே வந்தாள். கணக்குப் பகுதி கஷ்டம், மற்றது பரவாயில்லை என்றாள். பேருந்து நிலையம் வரைக்கும் வெயிலில் நடந்தோம்.

"அந்த சார்ட்ட எதுக்கு அப்படிச் சொன்ன?"

"கேட்டாரு."

"அவரு கேட்டது அதயில்ல."

சாலையைக் கடந்தோம். பிறகு அவளே சொன்னாள்.

"அடுத்த எக்ஸாமுக்கு போட்டோவ நானே ஏத்திக்கிடுதேன்."

"சரி."

"பாஸ்வேர்டையும் மாத்திட்டேன்."

"சரி," என்றேன்.

தூத்துக்குடிப் பேருந்தில் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்கவில்லை. அவள் முன்னால் உட்கார்ந்தாள். நான் மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்ததும் அவள் பணத்தைக் கொடுத்து, திரும்பாமலேயே இரண்டு விரலைக் காட்டினாள், பின்னால் என் பக்கம் கையை நீட்டி.